வாட்ச்மேன் வேண்டாம் என்று சொன்ன நாள்

கைக்குப் பூசும் கிரீம் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவள் பதினொரு வருஷம் கலவைக்காரியாக இருந்தாள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் எண்ணெயையும் தண்ணீரையும் எந்தச் சூட்டில் ஒன்றாக ஊற்றினால் கூடும், எந்தச் சூட்டில் ஊற்றினால் திரியும் என்பதை ஆவி எழும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் கைபட்ட டேங்க் ஒன்றுகூடத் திரிந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

டேங்க் ஆறி, வெளிப்புறம் தொட்டால் சுடாத பதத்துக்கு வந்த பிறகு கடைசியாக ஒரு சரக்கு சேர்க்க வேண்டும். கண்ணாடிபோலத் தெளிவான திரவம்; ஒரு டேங்குக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதன் பெயர் ஆங்கிலத்தில் இருபத்தோரு எழுத்து, யார் வாயிலும் நுழையாது. அதனால் கலவைக் கூடத்தில் அதற்கு வைத்த பெயர் வாட்ச்மேன். கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கிற இடத்தில் பூஞ்சையும் கிருமியும் சொல்லாமல் கொள்ளாமல் குடியேறும். அவற்றை அண்டவிடாமல் டப்பாவுக்குள் நின்று இரண்டு வருஷம் காவல் காப்பதால் அந்தப் பெயர்.

“வாட்ச்மேன் போட்டாச்சா?” என்று மேலே இருந்து கேட்பார்கள்.

“போட்டாச்சு. தூங்காம நிக்கிறாரு,” என்று கீழே இருந்து பதில் வரும்.

வாசலில் நிஜமாகவே ஒரு வாட்ச்மேன் இருந்தார். கூச்சல் காதில் விழும்போதெல்லாம், “என்னை எதுக்குப்பா தினமும் டேங்க்ல போடுறீங்க? நானே குளிச்சிட்டுத்தான் வர்றேன்,” என்பார். பழைய நகைச்சுவைதான். ஆனாலும் தினமும் யாராவது ஒருவர் சிரிப்பார்.

அந்தக் கிண்ணத்தை அளந்து ஊற்றுவது கலவைக்காரியின் வேலை. கையுறைப் பெட்டி மேலாளரின் அறை அலமாரியில் பூட்டியிருக்கும். வெளியாட்கள் சோதனைக்கு வரும் அன்று மட்டும் அது கீழே இறங்கும். மற்ற நாட்களில் வெறும் கைதான். சிந்துவது விரலில்தான் சிந்தும். ஒன்பதாவது வருஷம் விரல் இடுக்குகளில் அரிப்பு எடுத்தது. பத்தாவது வருஷம் தோல் வெடித்து நீர் கசிந்தது. பதினோராவது வருஷம் அவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, புருஷன்தான் போட்டுவிட்டான்.

மேலாளரைத் தொழிலாளிகள் சென்ட்டு என்பார்கள். ஆள் வருவதற்கு முன்பே அவர் வாசனை படியிறங்கி வந்துவிடும். ஒருநாள் மதியம் சாப்பாட்டு அறைக்கு அந்த வாசனை வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். நாற்பது பேர் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது சொறி. ஒட்டிக்கும். இந்தம்மா பக்கத்துல யாரும் உட்காராதீங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போனார்கள். பதினொரு வருஷம் ஒரே ஊறுகாயைப் பங்கு போட்டவர்கள். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொடுத்த கடிதத்தில் காரணம் ஒரே வரி: தொற்றும் தன்மையுள்ள தோல் நோய்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் துரத்தியது. வேலை கேட்டுப் போன மூன்று இடத்திலும் முந்தைய இடத்துக் கடிதத்தைக் கேட்டார்கள், படித்தார்கள், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் அவள் தொட்ட பேனாவை அப்படியே அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நாத்தனார் தன் குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் கலவைக்காரி முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும். தொற்று என்ற வார்த்தையை எழுதியவன் கையாலேயே அதை அடிக்க வைக்க வேண்டும். அதுவும் நாலு பேர் பார்க்க.

“அதை மறந்துட்டு வேற பொழப்பைப் பாரேன்,” என்றான் புருஷன்.

“பொழப்பையும் பாக்குறேன். அவனையும் பாக்குறேன்,” என்றாள்.

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டர் ஒரு பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறை போடாமலே தொட்டுப் பார்த்தார். அதற்கே கலவைக்காரிக்குக் கண் கலங்கியது. அவள் முதுகில் வரிசையாக முப்பது ஒட்டுகள் ஒட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொருளைத் துளி வைத்து அனுப்பினார். இரண்டு நாள் குளிக்கக் கூடாது. எடுத்த பிறகும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகு பார்த்தால் இருபத்தொன்பது இடம் சும்மா இருந்தது. ஒரே ஒரு இடம் தக்காளிபோலச் சிவந்து புடைத்திருந்தது.

“இதுதாம்மா உன் எதிரி,” என்று டாக்டர் ஒரு சீட்டில் அதன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கலவைக்காரி எழுத்தை எண்ணினாள். இருபத்தொன்று. நடுவில் மடங்கிக் கிடக்கிற அந்த இசட். பதினொரு வருஷம் கேனில் பார்த்த பெயர்.

“இது எங்க வாட்ச்மேன்,” என்றாள்.

டாக்டருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. “இது தொற்று கிடையாதும்மா. ஒவ்வாமை. உன் உடம்பு அதை அடையாளம் கண்டு வச்சிருக்கு, இனி மறக்காது. எத்தனை வருஷம் கழிச்சுப் பட்டாலும் ரெண்டு மூணு நாள்ல காட்டிக் குடுத்துடும்.”

“எல்லாருக்கும் இப்படி வருமா டாக்டர்?”

“எல்லாருக்கும் வராது. நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. உன்னை மாதிரி நேரடியாப் புழங்குறவங்களுக்கும், தினமும் பூசிட்டுக் கழுவாம விடுறவங்கள்ல சில பேருக்கும் வரும். வந்துட்டா அப்புறம் அது இல்லாத பொருளாப் பாத்து வாங்குறதுதான் வழி.”

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் திரவத்தில் இருபத்தோரு எழுத்து. ஷாம்பூவில் இருந்தது. குழந்தையைத் துடைக்கும் ஈரக் காகிதத்தில் இருந்தது. போன மாதம் சுவருக்கு அடித்த பெயிண்ட் டப்பாவிலும் இருந்தது. வேலையை விட்டு வந்த பிறகும் கை ஏன் ஆறவில்லை என்று அப்போது தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். பாத்திரத்துக்குக் கட்டி சோப்பு வந்தது, தலைக்கும் கட்டிதான். கைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது கேட்டாள்.

“தண்ணியே சேர்க்காமச் செஞ்சா வாட்ச்மேன் எதுக்கு டாக்டர்? கிருமி குடிக்கத் தண்ணி இல்லேன்னா அது எப்படிக் குடித்தனம் பண்ணும்?”

“சரியான கேள்வி. தண்ணி இல்லாத களிம்புக்கு அது தேவையில்லை. ஈரக்கையை உள்ளே விடாம மட்டும் பாத்துக்கணும்.”

அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. தேன் மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, மூடி இறுக்கமான சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் ஊற்றினாள். ஒரு மாதத்தில் தீர்ந்துபோகிற அளவு. சுத்தமான குச்சியால்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாள். மூன்றாவது மாதம் கை ஆறியது. தானே பொத்தான் போட்டுக்கொண்டாள்.

கை ஆறியதே தவிர வயிற்றெரிச்சல் ஆறவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். மேலாளர் காரிலிருந்து இறங்காமல், கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார்.

“தொற்று இல்லேன்னு டாக்டர் எழுதியிருக்காங்க சார். கடிதத்தை மாத்திக் குடுங்க.”

“டாக்டர் ஆயிரம் எழுதுவாங்க. என் பேப்பர்ல நான்தான் எழுதுவேன்.” கண்ணாடி ஏறியது. வாசனை மட்டும் வெளியே நின்றது.

அவள் திரும்பிப் போகும்போது வாசலில் இருந்த வாட்ச்மேன் கூடவே தெருமுனை வரைக்கும் நடந்து வந்தார்.

“மனசுல வச்சுக்காத தங்கச்சி.”

“மனசுலதான் வச்சிருக்கேன் அண்ணே. பத்திரமா வச்சிருக்கேன்.”

ஆறு மாதம் போனது. உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்று ஊரில் பாதிப் பேர் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். தொழிற்சாலை புது டப்பா ஒன்றை இறக்கியது. பச்சை மூடி, ஓர் இலை, அதன் கீழே, “பிரிசர்வேட்டிவ் அறவே இல்லை.” அதாவது, வாட்ச்மேன் இல்லாத கிரீமாம். சுவரொட்டியைப் பார்த்து அவள் நின்றுகொண்டிருந்தபோதுதான் வாட்ச்மேன் எதிரே வந்தார். விடுமுறை நாளாக இருக்க வேண்டும், லுங்கியில் இருந்தார்.

“இந்தப் புது டப்பா போட்ட அன்னைக்கு எனக்கு ஒரு அதிசயம் நடந்துது தெரியுமா?” என்றார். “சார் வெளியூர்ல இருந்தாரு. ஆபீசுக்குப் புதுசா வந்த பொண்ணு காலையில ஓடி வந்து, ‘அண்ணே, இன்னைக்கு வாட்ச்மேன் வேணாமாம், சார் போன்ல சொன்னாரு, நீங்க வீட்டுக்குப் போங்க’ன்னுச்சு. பதினாறு வருஷத்துல சம்பளத்தோட ஒரு நாள் லீவு. ஏன்னு கேட்டா புடுங்கிக்குவாங்களோன்னு நான் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல.”

கலவைக்காரி அவரையே பார்த்தாள். “என்னைக்கு அண்ணே?”

“மாசம் ஒண்ணாந்தேதி. மறக்குமா?”

அவள் சுவரொட்டியை மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். சென்ட்டு என்ன செய்திருப்பார் என்று அவளுக்கு அப்படியே தெரியும். புதுக் கிரீம் என்றால் புதுச் செய்முறைத் தாள் வேண்டும். அது கெடுகிறதா என்று மாதக்கணக்கில் சோதிக்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை ஏது? பழைய கிரீமையே பழைய தாளை வைத்தே போடு, வாட்ச்மேன் மட்டும் வேண்டாம் என்று போனில் ஒரு வரியில் முடித்திருப்பார். அந்த ஒரு வரி கலவைக் கூடத்துக்குப் போகவில்லை, வாசலுக்குப் போய்விட்டது. டேங்க்காரர்கள் தாளில் உள்ளபடி எப்போதும்போலக் கிண்ணத்தை அளந்து ஊற்றியிருப்பார்கள்.

தெருவில் நின்று சிரித்தாள். வாட்ச்மேன் பயந்துபோனார்.

“என்ன தங்கச்சி?”

“நீங்க அன்னைக்கு வீட்டுக்குப் போகல அண்ணே. டேங்குக்குள்ள போயிட்டீங்க.”

உடனே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மன்னிப்போடு, ஓர் அச்சுப் பிழையோடு முடித்துவிடுவார்கள். அவளுக்கு அது போதாது.

பெரிய கடையில் அந்த டப்பாவுக்கு ஒரு வாரம் தனி மேசை போட்டிருந்தார்கள். பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வருகிறவர்கள் கையில் எல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். கலவைக்காரி ஒரு டப்பாவைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். ஒன்றாம் தேதி. இடது கையை நீட்டி, முழங்கை மடிப்பின் உட்புறத்தைக் காட்டினாள்.

“இங்க தடவும்மா. தடவிட்டு இந்தத் தாள்ல தேதி, நேரம் போட்டு உன் கையெழுத்துப் போடு.”

“எதுக்கு அக்கா?”

“எனக்குத் தோல் கொஞ்சம் கோவக்காரத் தோல். கேட்டுக்கிட்டுத்தான் வாங்கணும்.”

புதுப் பொருளை இப்படி ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்க்கச் சொன்னது டாக்டர்தான். வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளச் சொன்ன வழி அது. இவள் அதைக் கத்தியாகத் தீட்டிக்கொண்டாள். வலது கை மடிப்பில் தன் தகர டப்பாக் களிம்பு. இடது கையில் பச்சை மூடி; தினமும் காலையும் மாலையும் அந்த மேசைக்கே போய்த் தடவி, தாளில் கையெழுத்து வாங்கினாள். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. எங்கே தன் உடம்பு மறந்துவிட்டதோ என்று பயந்துபோனாள். மூன்றாம் நாள் காலை மடிப்பில் இளம் சிவப்பு எட்டிப் பார்த்தது. அவள் அதை, தொலைந்துபோய்த் திரும்பி வந்த சொந்தக்காரனைப்போலப் பார்த்தாள். நான்காம் நாள் கொப்புளம். சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தடவிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். மேலாளர் அன்றைக்கு வருவார் என்று மேசைப் பெண் முந்தின நாளே சொல்லியிருந்தாள்: கடையின் எல்லாக் கிளைக்கும் அந்த டப்பாவை வாங்க ஒப்பந்தம். கொள்முதல் பார்க்கும் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு டப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூடையோடு பத்துப் பதினைந்து பேர். சென்ட்டு வாசனையோடு பேசிக்கொண்டிருந்தார். கலவைக்காரியைக் கண்டதும் பேச்சு நின்றது.

“மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்தம்மாவுக்குத் தொற்று வியாதி. எங்ககிட்ட இருந்து அனுப்பினதே அதனாலதான்.”

இதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். சொல்லாமல் போய்விடுவாரோ என்றுதான் கவலை.

“இருக்கட்டும் சார். ஒரு கேள்விதான். இந்த டப்பாவுல அந்த வாட்ச்மேன் மருந்து கிடையாதா?”

“துளி கிடையாது.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

அவர் சிரித்துக்கொண்டே விளம்பரத் தாளின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றாம் தேதி வேண்டாம் என்று தன் வாயால் சொன்னவர் ஆயிற்றே. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனசறிந்து உண்மை என்று நம்பி எழுதினார், அதுவும் பொய்யாகிவிட்டது.

அவள் தாளைக் கொள்முதல் அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு கைச் சட்டையையும் மடித்து மேலே ஏற்றினாள். டாக்டரின் சான்றை எடுத்து மேசையில் வைத்தாள். மேசைப் பெண்ணின் ஐந்து நாள் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

“வலது கையில தண்ணியும் இல்லை, மருந்தும் இல்லை. பாருங்க, சும்மா இருக்கு. இடது கையில இவரு டப்பா. எனக்கு ஒத்துக்காத பொருள் ஒண்ணே ஒண்ணு, டாக்டர் பேரோட எழுதியிருக்காங்க. தொற்றுன்னா ரெண்டு கையிலயும் இல்ல வந்திருக்கணும்? வியாதிக்கு டப்பா பாத்து உட்காரத் தெரியுமா மேடம்?”

கூட்டத்தில் ஒருவர் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“போன் பண்ணிக் கேளுங்க,” என்றார் கொள்முதல் அம்மா. “ஸ்பீக்கர்ல போடுங்க.”

மேலாளர் அலுவலகத்துக்குப் போட்டார். “ஒண்ணாந்தேதி வாட்ச்மேன் வேணாம்னு சொன்னேனே, டேங்க்காரங்ககிட்ட சொன்னியா இல்லையா?”

“டேங்க்காரங்ககிட்ட எதுக்கு சார்?” என்றது ஒரு பெண் குரல். “வாட்ச்மேன்கிட்டயே சொல்லிட்டேனே. வீட்டுக்கு அனுப்பிட்டேன். சந்தோஷமாப் போனாரு.”

“அப்போ டேங்க்ல?”

“டேங்க்ல தாள்ல இருக்கிறது எல்லாம் போட்டாச்சு சார். டிக் அடிச்சு வச்சிருக்காங்க. படிக்கவா?”

அவர் போனை அணைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேசைப் பெண் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொள்முதல் அம்மா கலவைக்காரியைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு சரியாச் சொல்லியிருந்தா இவர் எழுதினது உண்மையாகியிருக்கும், இல்லையா?”

“ஆகியிருக்கும். மூணு வாரத்துல டப்பாவுக்குள்ள பூஞ்சை பூத்திருக்கும். பாதி தண்ணி மேடம். காவலை எடுத்துட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி. மருந்து இல்லாமச் செய்யலாம், நான் வீட்டுல செஞ்சுதான் பூசுறேன். தண்ணியை எடுக்கணும், டப்பாவைச் சின்னதாக்கணும், சீக்கிரம் தீர்த்துடணும்னு சொல்லித் தரணும். இவரு எடுத்தது வெறும் ஒரு வரி.”

“ஒரு நிமிஷம்,” என்று மேலாளர் அவளைத் தூண் பக்கம் கூப்பிட்டார். குரல் கீழே இறங்கியிருந்தது. “உனக்கு என்னம்மா வேணும்?”

அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அந்த ‘அம்மா’ அடக்கமாக வந்தது.

“கடிதம். உங்க பேப்பர்ல நீங்கதான எழுதுவீங்க? எழுதுங்க.”

ஒப்பந்தத்துக்காகக் கொண்டுவந்த கம்பெனித் தாள் பையிலேயே இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தொற்று நோய் என்று முன்பு எழுதியது தவறு. இவருக்குத் தொற்று எதுவும் கிடையாது. அந்த இடத்தில் நிறுத்தப் பார்த்தார்.

“இன்னும் முடியல சார். கையுறை இல்லாம இந்த மருந்தை அளந்து ஊத்தினதால கை போச்சுன்னு போடுங்க. மருந்துப் பேரை முழுசா எழுதுங்க. இருபத்தோரு எழுத்து. நான் எண்ணிப் பாப்பேன்.”

அவர் தயங்கினார். அவள் கொள்முதல் அம்மா பக்கம் திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் எழுதினார். இசட் போடும்போது பேனா தாளைக் கிழித்தது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

“இப்பப் போய் இது வெயில்ல வந்த வேர்க்குருன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. போன்ல கேட்டதை நான் சமாளிச்சுக்கறேன்.”

“நான் சொல்றேன்னு எப்ப சொன்னேன்?”

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மேசைக்குப் போனாள். “மேடம், சார் அவரு கையாலயே எழுதியிருக்காரு. கொஞ்சம் சத்தமாப் படிங்க. இங்க நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

கொள்முதல் அம்மா படித்தார். நன்றாகக் கணீரென்ற குரல் அவருக்கு. அரிசி வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஒப்பந்தத் தாளை எடுத்து நடுவில் கிழித்தார்.

“இந்தச் சரக்கை இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. எங்க ஆளுங்க தொட மாட்டாங்க.”

மேலாளர் கோட்டைக் கழற்றிவிட்டு அட்டைப்பெட்டிகளைத் தானே தூக்க வேண்டியிருந்தது. முதல் பெட்டியைத் தூக்கும்போது கலவைக்காரி, “சார், வெறுங்கையால தூக்காதீங்க,” என்றாள். அவர் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

அவள் மேசைப் பெண்ணின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலமாரிக்கும் வாசலுக்குமாக அவர் நடந்தார். வியர்வை ஊற ஊற வாசனை கரைந்து, நாலாவது நடையில் மற்ற மனிதர்கள் மாதிரியே நாறினார். இடது கை நெருப்பாக அரித்தது. அவள் சொறியவில்லை.

“வேலைதான் முடிஞ்சுதே அக்கா, வீட்டுக்குப் போய் மருந்து போடுங்க,” என்றாள் மேசைப் பெண்.

“இரும்மா,” என்றாள் கலவைக்காரி, கண்ணை எடுக்காமல். “இன்னும் பதினேழு பெட்டி இருக்கு.”